பாவு போடுகிற நாளில் கொல்லை வழி

பதினோரு வருஷம் சுவரைத் தட்டியே என்னை எழுப்பிவிட்ட தனபாக்கியம் அக்காவுக்கு,

நீ போன பிறகு நான் தானாகவே எழுந்துகொள்கிறேன். சொன்னால் நம்பமாட்டாய். "நீயாவது தானா எழுந்துக்கறதாவது, கும்பகர்ணனுக்குக் கூடப் பொறந்தவ நீ" என்பாய். ஆனால் நிஜம். இருட்டு பிரிவதற்குள் கண் விழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தட்டல் வராது என்று தெரியும். தெரிந்தும், வந்தால் பதில் சொல்லத் தொண்டையைச் செருமி வைத்துக்கொள்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. வெயில் ஏறிவிட்டது. நான் வேலைக்குப் போகவில்லை. மயங்கி விழுந்துவிடாதே. உன் வீட்டுப் பின்னறையில், அந்தத் தறிக்குழிக்குள் இரண்டு காலையும் தொங்கவிட்டு, குழியை மூடுகிற பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடத்தில் உன் மருமகன் ஏகாம்பரத்தின் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு என் பேனா தாளம் போடுகிறது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ அந்த ஐந்தும் படிக்காதவள், ஆகையால் குற்றம் சொல்ல உனக்கு வாய் கிடையாது.

ஏன் வேலைக்குப் போகவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். என் தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது. நான் ஆயா வேலை பார்க்கும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், எங்களைப் போன்றவர்களுக்கு ஓட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒன்று வந்திருக்கிறது. உள்ளேயே குழாய். தனிச் சமையல். ரயில் ஏற வேண்டாம், விடியற்காலையில் எழ வேண்டாம். இந்தத் திங்கட்கிழமை காலையில் போய்க் கையெழுத்துப் போட்டால் சாவி என் கையில். போடாவிட்டால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "போடி, போய்க் கால் நீட்டித் தூங்கு" என்றா? இல்லை, ஒன்றும் சொல்லாமல் இராட்டையை வேகமாகச் சுற்றியிருப்பாயா?

நான் வீடு கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா அக்கா? என் வீட்டுக்காரர் போன மறு வருஷம். வேலை கிடைத்தது செங்கல்பட்டில். என் ஊர் மாகறலில் இருந்து வந்து விடியற்கால ரயிலைப் பிடிக்க வழியில்லை. ரயிலுக்குப் பக்கமாக ஒரு அறை வேண்டும் என்று பெரிய காஞ்சிபுரத்தில் தெருத்தெருவாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, "கூட யாரு?" யாருமில்லை என்றதும் இருந்த இடம் இல்லாமல் போய்விடும். ஒரு வீட்டில் அந்த அம்மாள் என் மூஞ்சிக்கு நேரே அறைக் கதவைச் சாத்தி, "இது அறையில்ல, அலமாரி" என்றாள்.

உன் வாசலுக்கு வந்தபோது எனக்குக் கால் வலி. நீ பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தலைக்கு எண்ணெய் வெப்பியா?"

"வெப்பேன். ஏங்கா, வெக்கக்கூடாதா?"

"வெச்சிக்கோ. அந்தக் கையோட கூடத்துக்கு வராத. பட்டுல எண்ணெய் பட்டா போச்சு. கூட யாரு?"

"நானும் என் வாயும்."

அப்போதுதான் நிமிர்ந்தாய். "வாய்க்குத் தனி வாடகை ஆவும்" என்றாய். சிரிக்கவில்லை. ஆனால் இராட்டை நின்றிருந்தது. அது போதும் என்று மூட்டையை இறக்கிவிட்டேன்.

வெளிச்சம் போதவில்லை என்று தறியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டதால் காலியான அறை அது. தறி போய்விட்டது, நெய்கிறவர் கால் வைக்கும் குழி மட்டும் தரையில் அப்படியே இருந்தது. "மூடித் தரட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். நாற்காலியே இல்லாத எனக்கு அதுதான் நாற்காலி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தட்டை முன்னால் வைத்துச் சாப்பிட்டால் கலெக்டர் மாதிரி இருக்கும். ஒருநாள் எட்டிப் பார்த்து, "கலெக்டரம்மா சோறு துண்றாங்க, மனு குடுக்கறவங்க வரலாம்" என்று உன் பெண் வள்ளியைக் கூப்பிட்டாய். அவளுக்கு அப்போது பாவாடை வயசு. சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

பேர் சொல்லி நீ என்னைக் கூப்பிட்டதேயில்லை. "ஏ வாடகை!" அவ்வளவுதான். உன்னைப் பார்த்துத் தெருவும் அப்படியே கற்றுக்கொண்டது. வாடகையம்மா வருது, வாடகையம்மா போவுது. நானும் விடவில்லை, "இன்னாங்க அரண்மனைக்காரம்மா" என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். ஓடு ஒழுகுகிற அரண்மனை.

அந்த ரயிலைப் பற்றி உனக்கு எத்தனை கதை சொல்லியிருக்கிறேன். நீ ஒரு தரம்கூட ஏறவில்லை. பனி மூட்டத்தில் கரி எஞ்சின் நிற்கும்போது, அது பெருமூச்சு விடுகிறதா, நான் விடுகிறேனா என்று தெரியாது. ஏறி உட்கார்ந்ததும் ஏகாம்பரநாதர் கோபுரம் மரங்களுக்கு மேலே மிதந்துகொண்டு பின்னாலேயே வரும். கொஞ்ச தூரம் வந்து, சரி போய் வா என்று நின்றுகொள்ளும். அப்புறம் பாலாறு. தண்ணீர் இல்லாத நாளிலும் மணலுக்கு மேலே தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடும். பாளூரில் மரகதம் ஏறுவாள், என்னோடு ஆயா வேலை பார்க்கிறவள். "தள்ளி உக்காரு" என்று என் தூக்கத்தை இடித்து உட்காருவாள்.

அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். தண்டவாளம் இருக்காது. அந்த இடத்தில் நம் தெருவில் தறிக்குக் கட்டுகிற பட்டு நூல் பாவு நீண்டுகொண்டே போகும், அரக்குச் சிவப்பு, மயில் கழுத்துப் பச்சை. அதன் மேல் ரயில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு இழைகூட அறாது. உன்னிடம் சொன்னபோது, "ரயிலு போனா அறுவாது, நீ போனாத்தான் அறுவும்" என்றாய்.

சொல்லமாட்டாயா பின்னே. நான் குடிவந்த மூன்றாம் மாதம் செய்த காரியம் அப்படி.

எனக்குத் தெருவின் வழக்கம் சரியாகப் பிடிபடவில்லை. புதுப் பாவு என்றால் விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவில் நீட்டிக் கட்டிவிடுவீர்கள். தெருவின் இந்தக் கோடியில் ஒரு முளைக்குச்சி, அந்தக் கோடியில் ஒரு முளைக்குச்சி, நடுவே ஆயிரக்கணக்கான பட்டு இழை இடுப்பு உயரத்தில் நிற்கும். அக்கம்பக்கத்து ஆட்கள் ஆளுக்கொரு மூங்கில் கோல் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார்கள். மற்றவர்கள் அறுந்த இழையைத் தேடித்தேடி முடிச்சுப் போடுவார்கள். வெயில் வந்தால் இழை முறுகும், காற்று வந்தால் சிக்கும். அதனால்தான் அந்த நேரம். என் ரயிலுக்கும் அதே நேரம்.

ரயிலடிக்குப் போகும் சந்து எதிர்ச் சாரியில். தெருக்கோடி வரைக்கும் நடந்து சுற்றி வர எனக்குச் சோம்பல். குனிந்து பாவுக்குக் கீழே நுழைந்தேன். தாண்டிவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்தேன். தாண்டவில்லை. கொண்டை ஊசியில் உன் பாவு மாட்டிக்கொண்டது.

"அசையாத!" என்று தெருவே கத்தியது. நான் பாதி குனிந்தபடி, வாகனத்தில் ஏற்றிய சாமி மாதிரி அசையாமல் நின்றேன். தூரத்தில் ரயில் கூவியது. நீ கத்தரிக்கோலோடு வந்தாய். ஐயோ, ஒரு கல்யாணப் புடவையை வெட்டப் போகிறாளே, நான் செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கர்ரக் என்றது. கண்ணைத் திறந்தால் என் கொண்டையில் பாதி உன் கையில் இருக்கிறது.

"அடிப்பாவி!" என்றேன்.

"மயிரு வளரும்டி. பட்டு வளருமா?"

அன்றைக்குத் தலையில் துண்டோடு போனேன். நர்சம்மா கேட்டார்கள், "திருப்பதி போய் வந்தியா?" "இல்லைங்க, பட்டுக்கு ஒரு வேண்டுதல்" என்றேன்.

அதற்குப் பிறகு உன் தீர்ப்பு வந்தது. பாவு போடுகிற நாளில் நான் தெருவில் கால் வைக்கக் கூடாது. கொல்லைக் கதவைத் திறந்து, மாட்டுக்கொட்டகை ஓரமாகப் போய், குளக்கரையைச் சுற்றி ரயிலடிக்கு நடக்க வேண்டும். தூரம் அதிகம். அதனால் அந்த நாட்களில் நீ சீக்கிரமே எழுந்து சுவரைத் தட்டுவாய். மூன்று தட்டு. "ஏ வாடகை, கொல்ல வழி!" முதலில் பாவு நாளுக்கு மட்டும் என்று இருந்தது, எப்போது தினமும் ஆனது? எனக்கு ஞாபகமில்லை. உனக்கு இருக்குமோ?

ஞாயிற்றுக்கிழமையில் பாவு போட்டால் நான் வாசற்படியில் நின்று கேட்பேன். "நானும் ஒரு கோல் புடிக்கட்டுமாக்கா?"

"தள்ளி நில்லு."

"இப்பக் கொண்டையே போடல, பின்னலு."

"பின்னலு இன்னும் நீளம். தள்ளி நில்லு."

வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் தள்ளி நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பிடிக்கிறார், தபால் கொடுக்க வந்தவர்கூட ஒரு தரம் பிடித்தார். நான் விளையாட்டாகத்தான் கேட்கிறேன் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன்.

அந்தப் பாவில் என் முடி ஒன்றிரண்டு தங்கிவிட்டது என்று நீயே பின்னால் சொன்னாய். நெய்யும்போது பார்த்தாயாம், எடுக்க வரவில்லையாம். "எவ அந்தப் புடவையைக் கட்டிக்கினு, இன்னாத்துக்கு அரிக்குதுன்னு தெரியாம சொறிஞ்சிக்கினு கீறாளோ!" அதிலிருந்து ரயிலில் அரக்குப் பட்டு கட்டின பெண் ஏறினால் நான் தூங்கமாட்டேன். அவள் கை இடுப்புக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன். முகம் தெரியாத ஒருத்தி, என்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, எங்கேயோ மாலையும் கழுத்துமாக நிற்கிறாள். பாலாற்று வெளிச்சத்தில் அதை நினைத்துக்கொண்டால் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

இனிமேல் சொல்வதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் அந்த வியாழக்கிழமை நீ சுவரைத் தட்டினாய். "மழை வர்ற மாதிரி இருக்குது. கொடையை எடுத்துக்கினு போ." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசினது. அன்று முழுக்க மழை வரவில்லை. விரிக்காத குடையோடு சாயங்கால ரயிலில் வந்து, தெருமுனை திரும்பினேன். நம் வாசல் மட்டும் ஈரமாக இருந்தது. அட, இங்கே பெய்திருக்கிறதே, அக்கா சொன்னது பலித்துவிட்டதே என்று நினைத்தேன். உன்னைக் கிண்டல் செய்ய ஒரு பேச்சுகூட யோசித்துக்கொண்டு வந்தேன். "மழையை ஒங்க வாசலுக்கு மட்டும் வரவழைச்சிட்டீங்களே அரண்மனைக்காரம்மா" என்று.

மழை இல்லை. உன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டு வீட்டைக் கழுவியிருந்தார்கள்.

காலையில் இராட்டைக்கு முன்னால் சாய்ந்தவள்தானாம், எழுந்திருக்கவில்லையாம். ஊர் பேர் தெரியாதவர்கள் வாயில் எல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். உன் வாயில் ஊற்ற நான் இல்லை.

வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாயங்கால ரயிலு வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாம்னு சொன்னேங்கா. யாருக்காகன்னு கேட்டாங்க. பின்னறை அக்காவுக்காகன்னேன். குடியிருக்கறவங்களுக்காவெல்லாமா வெச்சிக்கினு இருப்பாங்கன்னுட்டாங்க."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை அக்கா. பெரியவர்கள், வழக்கம் தெரிந்தவர்கள். ரத்தமா, சம்பந்தமா, நான் யார்? வாடகை. என் வாயை வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு பேச்சும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வீட்டுக் காகிதம் வந்தபோது, கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. என் பேரில் ஒரு கதவு. அங்கே யாரும் தள்ளி நில்லு என்று சொல்லமாட்டார்கள்.

வள்ளியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏகாம்பரம்தான், "உள்ளயே கொழா இருக்குதாமே. நல்லா இருங்கக்கா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இருங்கள் என்று யாராவது ஒருத்தர் சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன் போல. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நேற்றுச் சாயங்காலம் மூட்டை கட்டினேன். குழிக்குள் வைத்திருந்த பானை சட்டியை எல்லாம் வெளியே எடுத்தேன். கூடத்தில் பட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். சரி, நாளைக்குப் பாவு, நமக்குக் கொல்லை வழி, கடைசியாக ஒரு தரம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

இன்றைக்குக் காலையில் சுவர் தட்டியது.

மூன்று தட்டு. நான் செருமி வைத்த தொண்டை என்னைக் கேட்காமலே, "இதோ எழுந்துட்டேங்கா!" என்றது. பிறகுதான் மேலெல்லாம் சிலிர்த்தது. நீ இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்த ஒரு நொடி நான் எங்கே இருந்தேன் என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

முகம் கழுவி, காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைக் கதவுக்குப் போனேன். கதவுக்கு முன்னால் வள்ளி நின்றுகொண்டிருந்தாள். சுவரைத் தட்டியது அவள்தான்.

"தெரு வழியா வாங்கக்கா."

"பாவு போட்டிருக்கறீங்களே, வள்ளி."

"அதுக்குத்தான் கூப்புடறேன். அம்மா போனப்புறம் நமக்கு மொதப் பாவு. அம்மா நிக்கற எடத்துல ஆளு இல்ல. காத்தால இருந்து எல்லாரும் அந்த எடத்தை வுட்டுட்டு நிக்கறாங்க. என்னால பாக்க முடியலக்கா."

"எனக்கு ரயிலுக்கு நேரமாவுதுமா. கையெழுத்து…"

"தெரியும்" என்றாள். கதவை விட்டு நகரவில்லை. உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

தெருவுக்கு வந்தேன். மயில் கழுத்துப் பச்சை. பனியில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. தெருவின் அந்தக் கோடியில் முளையே இல்லாமல் வானத்தில் இருந்து இறங்கி வருகிற மாதிரி இருந்தது. ரயிலில் நான் கண்ட கனவு வாசலில் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு கோல் மட்டும் ஆளில்லாமல், இரண்டு கல்லின் மேல் சாய்ந்திருந்தது.

"வாடகையம்மாவா புடிக்கப் போவுது?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு யாருக்காக வைத்திருப்பது என்று கேட்டவரும் அவர்தான். "ஏம்பா ஏகாம்பரம், கொண்டை கதை தெரியுமில்ல?"

"தெரியும் மாமா" என்றார் உன் மருமகன். "அதுக்குத்தான் கத்திரிக்கோலு இடுப்புல வெச்சிருக்கறேன்."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வள்ளி தோளில் இருந்த துண்டை எடுத்து என் தலையை இறுக்கிக் கட்டினாள். கைகளைச் சீயக்காய் போட்டுக் கழுவ வைத்து, முகர்ந்து பார்த்தாள். பிறகுதான் கோலைக் கொடுத்தாள்.

எவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைத்தேன், பட்டுதானே. அக்கா, அது கனக்கிறது. இழுக்கவும் இழுக்கிறது. இந்த முனையில் யாரோ மூச்சு விட்டால் அந்த முனையில் இருப்பவர் கைக்குத் தெரிகிறது. இதைப் பிடித்துக்கொண்டா நீ அத்தனை பேச்சுப் பேசினாய்?

அப்போது ரயில் கூவியது. முதல் கூவல், வண்டி வந்துவிட்டது. ஓடினால் பிடிக்கலாம். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். வள்ளி என்னைப் பார்க்கவில்லை, இழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் விரல் முடிச்சுப் போடாமல் நின்றுவிட்டது. இரண்டாம் கூவல். இடுப்பில் காகிதம் குத்தியது.

"பச்சையம்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர். பதினோரு வருஷத்தில் இந்தத் தெருவில் என் பேரை யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "கையை எறக்காதம்மா. எழை தொய்யுது."

நான் இறக்கவில்லை. ரயில் போய்விட்டது. அதன் சத்தம் வயலுக்கு அந்தப் பக்கம் கரைகிற வரைக்கும் பாவு என் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, அதன் மேலேயே போகிற மாதிரி.

இதுதான் நடந்தது அக்கா. அந்த ஓட்டு வீடு பட்டியலில் அடுத்த பேர் மரகதம். இந்நேரம் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள். நாளைக்கு ரயிலில் என்னை இடித்து உட்கார ஆள் இருக்காது, நல்லதாகப் போயிற்று, தூங்கலாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பாவு போடுகிற நாளில் உன் கோலை நான் பிடிப்பேன். பாவு சுருட்டுகிற வரைக்கும் நகரமாட்டேன், பிறகு பஸ்ஸோ நடையோ என் பாடு. வள்ளி நாளைக்கு ஒரு நாள் தூங்கிவிட்டால் இந்தப் பக்கம் இருந்து சுவரைத் தட்டுவேன். மழை வருகிற மாதிரி இருந்தால் குடையை எடுத்துக்கொண்டுதான் போவேன், வராவிட்டாலும் சரி.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. பாவு சுருட்டும்போது பார்த்தேன், துண்டையும் மீறி என் முடி ஒன்று பச்சையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி நரைத்தது. எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை.

எவளோ சொறியட்டும்.

உன் வீட்டுப் பின்னறையில் இருக்கும் தங்கச்சி,
பச்சையம்மா